மும்பையில் முதல் தலைமுறைக் கல்லூரி மாணவருக்குத் துணை நிற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தாராவி, ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா, கோவண்டி என்று மும்பையில் தமிழர் நெருங்கி வாழும் பகுதிகளில், பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளைக்கு ஊர்ச் சங்கம் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துகிறது. நோட்டுப் புத்தகமும் பையும் கொடுக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பிள்ளை படிப்பை விடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்: முதலாண்டுத் தீபாவளியை ஒட்டி, முதல் செமஸ்டர் தேர்வுக்குக் கொஞ்சம் முன்போ பின்போ. அப்போது மேடையும் இருக்காது, சங்கமும் இருக்காது. கட்டணத்தின் இரண்டாம் தவணை பாக்கி இருக்கும், உதவித்தொகை வந்திருக்காது, ஒரு பாடத்தில் தோற்றிருப்பார், வீட்டில் யாரிடம் கேட்பது என்று தெரியாது.

இந்த இடத்தில் எது பலன் தரும் என்பதற்கு உறுதியான சான்று இருக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் ‘ஏசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. இரண்டாண்டுப் படிப்பு தரும் அந்தக் கல்லூரிகளுக்கு வருபவர்களில், குடும்பத்திலேயே முதன்முறையாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் ஏராளம். உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணம், பாடப்புத்தகம், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பயண அட்டை, இவற்றோடு அடிக்கடி சந்தித்துப் பேச ஓர் ஆலோசகர் என அனைத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏழை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்றாண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் திட்டத்துக்குள் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். கிட்டத்தட்ட இரு மடங்கு.

பணமும் பயணச்சீட்டும் பேச ஒரு மனிதரும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும் என்பதே இதன் பொருள். மும்பையில் இவற்றை ஒரே இடத்தில் தரும் அலுவலகம் கிடையாது. நாம்தான் சேர்க்க வேண்டும். வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், சங்க நிர்வாகிகள், நான்கைந்து நண்பர்கள் என யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: பத்தாம் வகுப்பிலேயே தேடுங்கள்

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி ஜூனியர் கல்லூரிக்கு (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள்) போகும் பிள்ளைதான் முதலில் தடுமாறும். ஆகவே பள்ளி ஆசிரியர்களிடம் பேசும்போது முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களை மட்டும் கேட்காதீர்கள். ஐம்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில் மதிப்பெண் வாங்குபவர்கள், வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போகாதவர்கள், இந்த இரண்டும் சேர்ந்த பெயர்களைக் கேளுங்கள். முதல் மதிப்பெண் வாங்குபவருக்கு உதவ ஆட்கள் வருவார்கள். ஐம்பத்தெட்டு சதவீதத்துக்குப் பொன்னாடையும் கிடையாது, போன் அழைப்பும் கிடையாது.

இரண்டாம் படி: பெயரையும் காகிதங்களையும் சரிசெய்யுங்கள்

மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்கள் தடுமாறும் இடங்களில் முக்கியமானது பெயர். மதிப்பெண் குறைவுகூட இவ்வளவு தொல்லை தருவதில்லை.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். மகாராஷ்டிரப் படிவங்களோ சொந்தப் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் கேட்கும். பள்ளியில் சேர்த்த நாளில் எழுத்தர் ஒருவர் ஏதோ ஒன்றை நிரப்பியிருப்பார்: சில பிள்ளைகளுக்குத் தாத்தா பெயர், சிலருக்குச் சாதிப் பெயர், சிலருக்கு ஊர்ப் பெயர். விளைவாக ஆதாரில் ‘ச. முத்துக்குமார்’, லீவிங் சர்டிபிகேட்டில் ‘முத்துக்குமார் சண்முகம் பிள்ளை’, வங்கியில் ‘சண்முகம் முத்துக்குமார்’ என்று ஒரே பிள்ளை மூன்று ஆட்களாக இருப்பார். உதவித்தொகைக்கான இணையதளம் மூன்றையும் ஒப்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடும்.

இதைச் சரிசெய்ய மிக எளிதான காலம், பத்தாம் வகுப்புத் தேர்வுப் படிவம் பள்ளியிலிருந்து வாரியத்துக்குப் போவதற்கு முன்புள்ள மாதங்கள். அப்போது தலைமையாசிரியர் வழியாகவே திருத்திவிடலாம். வாரியத்தின் சான்றிதழ் அச்சாகிவிட்டால், பெரும்பாலும் ஆதாரையும் வங்கியையும் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுவதுதான் குறைந்த அலைச்சல். அதுவும் முடியாவிட்டால் மகாராஷ்டிர அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். அரசிதழ் நகலை வாங்கியதும் பல பிரதிகள் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், வருடக்கணக்கில் கேட்பார்கள்.

லீவிங் சர்டிபிகேட்டில் இன்னும் இரண்டு கட்டங்களைப் பாருங்கள். ஒன்று, தாய்மொழி. அங்கே ‘தமிழ்’ என்று இருக்க வேண்டும். மொழிச் சிறுபான்மை நிறுவனங்களாக அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகள் மும்பையில் உண்டு. அவற்றின் இடங்களில் ஏறத்தாழப் பாதி அந்தந்த மொழி பேசும் மாணவர்களுக்கு. எந்தக் கல்லூரிக்குத் தமிழ்ச் சிறுபான்மை அங்கீகாரம் என்பதை அந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் தேடி எடுங்கள். தாய்மொழிக் கட்டத்தில் வேறு மொழி எழுதியிருந்தாலோ வெறுமையாக விட்டிருந்தாலோ அந்த வாய்ப்பு கைநழுவும்.

இரண்டாவது, பிறந்த இடம். நம் வழக்கப்படி முதல் பிரசவம் தாய்வீட்டில். அதனால் தாராவியிலேயே வளர்ந்த பிள்ளையின் சான்றிதழிலும் பிறந்த ஊர் திருநெல்வேலி என்றோ தூத்துக்குடி என்றோ இருக்கும். மகாராஷ்டிரத் தொழிற்கல்விச் சேர்க்கையில், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இங்கே படித்து, இங்கேயே பிறந்தவருக்குப் பிறந்த சான்றே போதும். வெளியே பிறந்தவருக்கு டொமிசைல் (வசிப்பிட) சான்றிதழ் கட்டாயம். அதற்கு 15 ஆண்டுகள் மகாராஷ்டிராவில் வசித்ததற்கான ஆதாரம் வேண்டும். பிள்ளைக்கு அவ்வளவு ஆண்டுகள் காட்ட முடியாவிட்டால் அப்பா அல்லது அம்மாவின் டொமிசைல் சான்றிதழைக் கொண்டு வேறு பிரிவில் விண்ணப்பிக்க வழி உண்டு. பழைய ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவு எதையும் வீட்டைக் காலி செய்யும்போது தூக்கிப் போடாதிருக்கப் பெற்றோரிடம் சொல்லி வையுங்கள்.

வருமானச் சான்றிதழ் தாசில்தார் தருவது. ‘ஆப்லே சர்க்கார்’ இணையதளத்திலோ சேது கேந்திரா என்ற அரசு சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். தாராவி, சயான், மாட்டுங்கா, வடாலா ஆகியவை மும்பை நகர மாவட்டம். செம்பூர், கோவண்டி, முலுண்ட், கோரேகாவ் ஆகியவை புறநகர் மாவட்டம். நகர மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஃபோர்ட் பகுதியில், புறநகருக்குக் கிழக்கு பாந்த்ராவில். மாவட்டம் மாறினால் விண்ணப்பம் திரும்பி வரும். இட்லி வியாபாரம், தோல் பட்டறை, வீட்டு வேலை என்று சம்பளச் சீட்டு இல்லாத குடும்பங்களுக்கு இந்தச் சான்றிதழுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும். ஆகவே ஏப்ரலிலேயே தொடங்குங்கள். மே மாத இறுதியில் ஊரே அந்த வரிசையில் நிற்கும்.

கடைசியாக வங்கிக் கணக்கு. அரசு உதவித்தொகை, ஆதாருடன் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைக்கப்பட்ட கணக்குக்குத்தான் போகும். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும் பயனில்லை. பள்ளி நாட்களில் திறந்து மறந்துபோன கணக்கில் பணம் விழுந்து கிடந்த பிள்ளைகளை நான் அறிவேன். மாணவரோடு வங்கிக்குப் போய் எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது, அது இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: சாதிச் சான்றிதழ் பற்றிய உண்மையை முன்பே சொல்லிவிடுங்கள்

இதைப் பேசத் தயங்குகிறார்கள். தயங்குவதால் பிள்ளைகள்தான் பாதிக்கப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழைக் கொண்டு மகாராஷ்டிர மாநில இடஒதுக்கீட்டையோ மாநில உதவித்தொகையையோ பெற முடியாது. பட்டியல் சாதி என்பது அந்தந்த மாநிலத்தோடு இணைந்த நிலை என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. ஆந்திராவிலிருந்து சிறுவனாக வந்த ஒரு மாணவர் மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. 1994-இல் மகாராஷ்டிரா தொடர்பான இன்னொரு வழக்கிலும் இதே நிலை உறுதியானது.

மகாராஷ்டிராவில் சான்றிதழ் பெறவேண்டுமானால், குடும்பம் குறிப்பிட்ட தேதிக்கு முன்பே இங்கே குடியேறியிருக்க வேண்டும்: பட்டியல் சாதிக்கு 10 ஆகஸ்ட் 1950, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 13 அக்டோபர் 1967. சாதியின் பெயர் இம்மாநிலப் பட்டியலிலும் இருக்க வேண்டும். தாத்தா காலத்திலேயே தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்கள் தாராவியில் உண்டு. அவர்களுக்குப் பழைய பள்ளிப் பதிவேடு, மாநகராட்சிப் பிறப்பு-இறப்புப் பதிவு, வாடகை ரசீது ஆகியவை பொன் போன்றவை. தேடிப் பார்க்காமல் கைவிடாதீர்கள்.

இல்லையென்றால்? ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கும் மத்திய அரசு வேலைகளுக்கும், தந்தையின் சொந்த மாநிலச் சான்றிதழின் அடிப்படையில் பெறும் சான்றிதழ் செல்லும். தமிழ்நாட்டில் படிக்க விரும்புபவர் பிறப்பிடச் சான்றிதழோடு அங்குள்ள கலந்தாய்வில் சேரலாம். அங்கே சொந்த வகுப்பின் ஒதுக்கீடும் உண்டு. பாட்டி வீட்டில் தங்கிப் படிக்க முடிகிற பிள்ளைக்கு இது நல்ல வழி. மும்பையிலேயே படிப்பவருக்கு வருமான அடிப்படையிலான திட்டங்கள்தான் கை கொடுக்கும். தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிக்கு உள்ள கட்டணச் சலுகையை இங்கே தேடி நாளை வீணாக்க வேண்டாம். அது அங்குள்ள ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்பவர்களுக்கானது.

நான்காம் படி: படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே பணத்தைக் கணக்கிடுங்கள்

ஒரே கல்லூரிக்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. அரசு உதவி பெறும் பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. படிப்புகளுக்குக் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். கணக்கியல்-நிதி, தகவல் தொழில்நுட்பம் போன்ற சுயநிதிப் படிப்புகளுக்கு அதைவிடப் பல மடங்கு. பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்று சுயநிதிப் பிரிவில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் கடனில் மூழ்கும் குடும்பங்கள் உண்டு. உதவி பெறும் பி.காம். சேர்ந்து, மிச்சமாகும் பணத்தில் கணக்கியல் மென்பொருளும் ஆங்கிலமும் கற்பது நடுத்தர மதிப்பெண் உள்ள பிள்ளைக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

தேதிகளைத் தவறவிடாதீர்கள். மும்பைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேர, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் பல்கலைக்கழகத் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கல்லூரியில் தனியாக விண்ணப்பிப்பது அதற்குப் பிறகு. பி.பி.ஏ., பி.எம்.எஸ்., பி.சி.ஏ. படிப்புகளுக்கு 2024 முதல் மாநிலப் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. வீட்டில் முன்பு யாரும் கல்லூரிக்குப் போயிருக்காவிட்டால், முடிவு வந்த பிறகு கல்லூரிக்குப் போய்க் கேட்டால் போதும் என்றே நினைப்பார்கள்.

கல்லூரியில் சேர்ந்தபின் வேறு நல்ல இடம் கிடைத்தால், சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், செயலாக்கச் செலவுக்கான சிறு பிடித்தம் போக முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பு. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. பெற்றோர் எதிர்த்துக் கேட்கக் கூச்சப்படுவார்கள். உடன் போங்கள்.

ஐந்தாம் படி: உதவித்தொகைகளுக்கு விண்ணப்பியுங்கள்

மாநிலத் திட்டங்களில் பெரும்பாலானவை ‘மகா டிபிடி’ என்ற மாநில அரசின் இணையதளத்தில். நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது ராஜர்ஷி சத்ரபதி சாகு மகராஜ் கல்விக் கட்டணத் திட்டம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், மகாராஷ்டிர டொமிசைல் வேண்டும், குடும்பத்தின் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும். தொழிற்கல்வியில் அரசின் மையச் சேர்க்கை வழியாகச் சேர்ந்தவருக்குக் கல்விக் கட்டணத்தில் பாதி கிடைக்கும். மேனேஜ்மெண்ட் ஒதுக்கீட்டில் சேர்ந்தால் ஒன்றும் கிடைக்காது. இடைத்தரகர் இதைச் சொல்லமாட்டார். பொருளாதாரத்தில் பின்தங்கியோர், பிற பிற்படுத்தப்பட்டோர் முதலான பிரிவுகளில் இதே வருமான வரம்புக்குள் வரும் மாணவிகளுக்குத் தொழிற்கல்வியில் முழுக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024-இல் ஆணை வந்தது. மகளை அனுப்பத் தயங்கும் தந்தையிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

மத்திய அரசின் திட்டங்கள் தேசிய உதவித்தொகைத் தளத்தில். கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் திட்டத்துக்குச் சாதி தடையில்லை என்பதால் நமக்கு முக்கியமானது. பன்னிரண்டாம் வகுப்பில் தன் வாரியத்தில், தன் பாடப்பிரிவில் முதல் 20 சதவீத மாணவர்களுக்குள் வர வேண்டும். வருமானம் நாலரை லட்சத்துக்குள். பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். தொடர்ந்து பெற 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை. பொறியியல் பட்டம் அல்லது டிப்ளமோவில் சேரும் மாணவிகளுக்கு ‘பிரகதி’ ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. வருமான வரம்பு 8 லட்சம்.

அதிகம் பேர் அறியாத ஒன்று, கட்டடத் தொழிலாளர் நல வாரியம். கொத்து வேலை, பெயின்ட், டைல்ஸ், சென்ட்ரிங் என்று எந்தக் கட்டட வேலை செய்பவரானாலும் கடந்த ஆண்டில் 90 நாட்கள் வேலை செய்ததற்குச் சான்று இருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். அவருடைய முதல் இரண்டு பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 20,000 ரூபாயும், பொறியியலுக்கு 60,000 ரூபாயும், மருத்துவத்துக்கு ஒரு லட்சமும் வாரியம் தருகிறது. அப்பாவின் பதிவு காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

தனியார் வழியில் ரிலையன்ஸ் அறக்கட்டளை முதலாண்டு மாணவர்கள் 5,000 பேருக்குப் படிப்புக் காலம் முழுதுக்குமாக இரண்டு லட்சம் ரூபாய் வரை தருகிறது. திறனறித் தேர்வு உண்டு. கோட்டக் நிறுவனத்தின் ‘கன்யா’ தொழிற்கல்வி படிக்கும் மாணவிகளுக்கானது. விண்ணப்பத்துக்கே பணம் கேட்கும் எந்த ‘அறக்கட்டளை’க்கும் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். ஓ.டி.பி. கேட்பவரிடமும் எச்சரிக்கை தேவை.

இந்த விண்ணப்பங்களில் வரும் கட்டுரைக் கேள்விகளுக்கு அண்ணனோ மாமாவோ எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வேண்டாம். அதிகாலை நான்கு மணிக்கு அம்மாவோடு மாவு அரைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை, அதையே தன் எளிய ஆங்கிலத்தில் எழுதட்டும். எழுத்துப் பிழையை மட்டும் நீங்கள் திருத்துங்கள்.

ஆறாம் படி: இடைவெளியை நிரப்பும் ஒரு சிறு நிதி

கல்லூரி ஜூலையில் பணம் கேட்கிறது. உதவித்தொகை அடுத்த ஆண்டு வரலாம். இந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் வருகிறார், நகை போகிறது, அல்லது படிப்பு போகிறது. சங்கங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது. ஆண்டு விழா மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவாகும் தொகையே ஒரு சுழல்நிதிக்குப் போதுமான தொடக்கம்.

முடிவெடுக்க மூன்று பேர் போதும். கேட்ட இரண்டு நாட்களுக்குள் பதில் சொல்லுங்கள். கட்டணத் தேதி யாருக்கும் காத்திருக்காது. பெரிய தொகையைக் கல்லூரியின் பெயருக்கே நேராகச் செலுத்தி ரசீது வாங்குங்கள். வட்டி இல்லை. உதவித்தொகை வந்ததும் அந்தப் பணம் நிதிக்குத் திரும்பி, அடுத்த பிள்ளைக்குப் போகும். விண்ணப்பம் தள்ளுபடியானால் கடனை நன்கொடையாக எழுதிவிடுங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையைத் துரத்தாதீர்கள். பட்டியல் சாதி உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு இப்போது மாணவரின் கணக்குக்கே நேராக வருகிறது. அதிலிருந்து கல்லூரிக் கட்டணத்தை உடனே செலுத்த வேண்டும். வீட்டில் அது வந்த வருமானம் என்று செலவாகிவிடாமல் முன்பே விளக்கிவிடுங்கள்.

சிறு செலவுகளை ஏளனமாக எண்ண வேண்டாம். தேர்வுப் படிவக் கட்டணம், உடைந்த கைப்பேசித் திரை, ரயில் சீசன் பாஸ் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய் ஒரு செமஸ்டரைக் காப்பாற்றும். கல்லூரி தரும் சலுகைப் படிவம் இருந்தால் புறநகர் ரயில் பாஸ் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். முதலாண்டுப் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது.

புகைப்படம் எடுக்காதீர்கள். காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைத் தெருவெல்லாம் பகிர்ந்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை தேவை இருந்தாலும் வாய் திறக்காது.

நிதி பெரிதானால் முறைப்படுத்துங்கள். மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டம் 1950-இன் கீழ் அறநிலைய ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். மும்பையில் அந்த அலுவலகம் வொர்லியில். ஏற்கனவே பதிவு பெற்ற சங்கத்துக்குள் தனிக் கணக்காக நடத்துவது இன்னும் எளிது.

ஏழாம் படி: ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்தவர்

பணத்தைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், என் மனதில் முதலிடம் இந்தப் படிக்குத்தான். படித்த குடும்பத்துப் பிள்ளை சாப்பாட்டு மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்வதை, முதல் தலைமுறை மாணவர் யாரிடமும் கேட்க முடிவதில்லை. பேராசிரியரைத் தனியாகச் சந்திக்கலாமா, ‘போனஃபைட்’ (கல்லூரியில் படிப்பதற்கான சான்று) எங்கே வாங்குவது, இன்டர்னல் மதிப்பெண் என்றால் என்ன என்பதெல்லாம் கேட்கவே வெட்கப்படும் கேள்விகள்.

மூத்தவராகப் பெரிய அதிகாரியைத் தேடாதீர்கள். அதே கல்லூரியில், முடிந்தால் அதே படிப்பில், ஓரிரு ஆண்டு முன்னால் இருக்கும் அண்ணனோ அக்காவோதான் சிறந்தவர். அதிகாரியிடம் பிள்ளை “எல்லாம் நன்றாக இருக்கிறது, சார்” என்று மட்டுமே சொல்லும். அக்காவிடம் அழும். மாணவிக்கு மாணவியையே சேர்த்து வையுங்கள், வீட்டாரும் நிம்மதியடைவார்கள். மூத்தவரை அந்த வீட்டுக்கு ஒரு முறை அழைத்துப் போய் அம்மாவிடம் அறிமுகம் செய்துவிடுங்கள்.

மாதம் ஒரு முறை நேரில் சந்திப்பது, வாரம் ஒரு குரல் அழைப்பு. கேட்க வேண்டியது “நன்றாகப் படிக்கிறாயா” என்பதை அல்ல. இந்த வாரம் எந்த வகுப்புக்குப் போகவில்லை, எந்தப் பாடம் புரியவில்லை, மதியம் யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பல வாரங்கள் “தனியாக” என்றே பதில் வந்தால், அந்தப் பிள்ளை கல்லூரியை விட்டு மெல்ல விலகுகிறது என்று பொருள்.

எட்டாம் படி: முதல் செமஸ்டரைக் கண்காணியுங்கள்

மும்பைக் கல்லூரிகளில் 75 சதவீத வருகை இல்லாதவர்களின் பெயர் டிஃபால்டர் பட்டியலில் ஒட்டப்படும். பகுதிநேர வேலை பார்க்கும் பிள்ளை அதைப் பார்த்து மிரண்டு, கல்லூரிக்குப் போவதையே நிறுத்திவிடும். பட்டியல் வந்த வாரமே மூத்தவரும் மாணவரும் துறைத் தலைவரைச் சந்திக்க வேண்டும். காரணத்தை எழுத்தில் கொடுத்தால் பல நேரங்களில் வழி பிறக்கிறது.

அடுத்தது ஏ.டி.கே.டி. சில பாடங்களில் தோற்றாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், தோற்றதைப் பிறகு எழுதலாம் என்பதுதான் இந்த முறை. நகரத்தில் எல்லோருக்கும் பழகிய சொல். ஆனால் பள்ளிப் படிப்போடு நின்ற அப்பாவுக்குத் தோல்வி என்றால் தோல்விதான். “போதும், கடைக்கு வா” என்பார். முடிவுகள் வருவதற்கு முன்பே பெற்றோரிடம் இதை விளக்கி வைத்தால் பாதி இழப்பைத் தடுக்கலாம்.

பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் எங்கே படிப்பது? பல பகுதிகளில் மாநகராட்சியும் மண்டல்கள் என்ற வட்டாரக் குழுக்களும் ‘அப்யாசிகா’ என்ற படிப்பறைகளை நடத்துகின்றன. கல்லூரி நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதையும் விசாரியுங்கள். சங்கத்துக்குச் சொந்தக் கூடம் இருந்தால், மாலை ஏழு முதல் பத்து வரை விளக்கையும் மின்விசிறியையும் போட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். இதற்குத் தீர்மானம்கூடத் தேவையில்லை, சாவி போதும்.

ஒன்பதாம் படி: வீட்டாரோடு பேசுங்கள்

பிள்ளையின் வருமானத்தை நம்பிய குடும்பத்திடம் படிப்பின் பெருமையைப் பேசிப் பயனில்லை. நேரத்தைப் பேசுங்கள். காலையில் வியாபாரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் பிற்பகல் வகுப்புள்ள கல்லூரி, பகலில் வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குத் தொடங்கும் கல்லூரி அல்லது இரவுக் கல்லூரி என்று ஏற்பாடு சொல்லுங்கள். தேர்வு வாரங்களில் மட்டுமாவது முழு விடுப்புக் கேட்டு வாங்குங்கள். ஊரிலிருந்து கல்யாணப் பேச்சு வந்தால், வீட்டில் மதிக்கிற பெரியம்மாவையோ சித்தப்பாவையோ உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியாள் சொல்வதைவிட அவர்கள் சொல்வது ஏறும்.

பத்தாம் படி: தொடர்புகளை விரியச் செய்யுங்கள்

தமிழ் வட்டம் தாங்கும். ஆனால் அதற்குள்ளேயே நின்றுவிட்டால் வேலை வாய்ப்பு குறுகும். மராத்தி பேசும் நண்பர்களும் வேறு பேட்டைப் பிள்ளைகளும் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரச் சொல்லுங்கள்: இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பலதரப்பட்ட மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்வது நட்பைத் தானாக உண்டாக்கும். கல்லூரி விழாக் குழுக்களும் அப்படியே. சேவியர் கல்லூரியின் மல்ஹார், ஐ.ஐ.டி.யின் மூட் இண்டிகோ போன்ற விழாக்களை மாணவர்களே நடத்துகிறார்கள். தங்கள் கல்லூரி விழாவில் தன்னார்வலராக நின்ற பிள்ளை, நிறுவனங்களோடு தொலைபேசியில் பேசவும் கணக்கு ஒப்படைக்கவும் கற்றுக்கொள்கிறது. பெற்றோர் இதை ஊர் சுற்றுவதாக நினைப்பார்கள். விளக்குங்கள்.

வங்கி, துறைமுகம், ரயில்வே, கணக்கர் அலுவலகம், மருத்துவமனை என்று மும்பையின் எல்லா இடத்திலும் தமிழர் இருக்கிறார்கள். அவர்களிடம் நன்கொடை கேட்பதோடு நிறுத்தாமல், ஒரு நாள் தங்கள் அலுவலகத்தைக் காட்டும்படியும், கோடை விடுமுறையில் ஒரு பயிற்சி இடம் தரும்படியும் கேளுங்கள். மாட்டுங்கா கணக்கர் அலுவலகத்தில் இரண்டு மாதம் ரசீதுகளை அடுக்கிய பிள்ளைக்குத் தன் பாடம் எதற்கென்று தெரிந்துவிடும்.

பதினோராம் படி: இரண்டாம் ஆண்டும், இடையில் நின்றவர்களும்

உதவித்தொகைகளை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும், தானாகத் தொடராது. ஜூன் மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி, எல்லாப் பிள்ளைகளையும் கோப்புகளோடு வரவழைத்து, ஒரே இடத்தில் புதுப்பித்துவிடுங்கள்.

எவ்வளவு முயன்றாலும் சிலர் நின்றுவிடுவார்கள். அவர்களின் பெயரை அடித்துவிடாதீர்கள். தேர்ச்சி பெற்ற பாடங்களின் கிரெடிட்டுகள் தேசிய கிரெடிட் வங்கிக் கணக்கில் ஏழு ஆண்டுகள் வரை செல்லுபடியாகும். ஆகவே கல்லூரியை விடுவதற்கு முன் அந்தக் கணக்கு தொடங்கப்பட்டு, மதிப்பெண்கள் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலையை விட முடியாதவருக்கு மும்பைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி, நாசிக்கில் உள்ள யஷ்வந்த்ராவ் சவாண் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ என்ற தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகியவை உண்டு. அடுத்த சேர்க்கை தொடங்கும் மே மாதத்தில் அந்த வீட்டுக்கு நேரில் போங்கள். போனில் கேட்டால் “பார்க்கலாம்” என்ற பதில்தான் வரும். போகும்போது பழைய மதிப்பெண் தாள், கிரெடிட் கணக்கு எண், கட்டண விவரம், விண்ணப்பத்தின் கடைசித் தேதி ஆகியவற்றை எழுதிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மூத்த அண்ணனையோ அக்காவையோ உடன் அழைத்துப் போக மறக்காதீர்கள்.